நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் தொடக்ககாலத் தலைக்கவசம்

நிலக்கரிச் சுரங்கத் தலைக்கவசம் என்பது நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வோர் தலையில் அணியும் பாதுகாப்புக் கருவியாகும். கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் நெற்றிக்கு மேலே ஒரு மின்விளக்கும் கொண்ட இக்கவசம் இன்று சுரங்கத் தொழிலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் ஓடும் விளக்கும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. விளக்குதான் முதலில் தலைக்கு ஏறியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொழிலாளி அணிந்தது, விளக்கைத் தாங்குவதற்கான மெல்லிய தொப்பி மட்டுமே. தலையைக் காப்பதற்கென்று ஒரு கெட்டித் தொப்பி 1919-இல்தான் உருவானது. அது நிலக்கரிச் சுரங்கங்களில் பரவலானது 1930-களில். இக்கட்டுரை அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் முதன்மையாகக் கொண்டு அந்த வரலாற்றைக் கூறுகிறது.

சுரங்கத்தில் தலைக்கு நேரும் ஆபத்துகள்

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளியின் தலைக்கு மேலே இருப்பது பாறைக் கூரை. கரியை வெட்டி எடுக்க எடுக்க அக்கூரைக்குக் கீழே இருந்த தாங்கல் குறைகிறது. மரத்தாலான முட்டுக்கட்டைகளை நட்டுக் கூரையைத் தாங்கச் செய்வர். ஆயினும் முட்டுகளுக்கு இடையிலிருந்து சிறு கற்கள் உதிர்வதும், சில வேளைகளில் பெரும் பாளமாகக் கூரையே பெயர்ந்து விழுவதும் அன்றாட ஆபத்துகளாக இருந்தன.

இரண்டாவது ஆபத்து, தாழ்வான பாதைகள். நிலக்கரிப் படுகை எவ்வளவு தடிமனோ, பெரும்பாலும் அவ்வளவு உயரத்துக்கே வெட்டுமுகம் இருக்கும். இடுப்பளவு உயரமே உள்ள படுகைகளில் தொழிலாளர்கள் மண்டியிட்டோ ஒருக்களித்துப் படுத்தோ வெட்டினர். அங்கே போகும் வழியில் குனிந்து நடக்கும்போது குறுக்கு உத்திரங்களில் தலை மோதுவது வழக்கம்.

மூன்றாவது ஆபத்து, மீத்தேன் வாயு. நிலக்கரியிலிருந்து கசியும் இவ்வாயு காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு சுடர் பட்டாலும் வெடிக்கும். அவ்வெடிப்பு தரையில் படிந்துள்ள கரித்தூளைக் கிளப்பினால், தூளும் தீப்பற்றிச் சுரங்கம் முழுவதும் வெடிப்பு பரவும்.

முதல் இரண்டு ஆபத்துகளுக்கும் தேவை கெட்டியான தொப்பி. மூன்றாவதற்குத் தேவை சுடர் இல்லாத விளக்கு. இரண்டுமே நெடுங்காலம் கிடைக்கவில்லை.

துணித் தொப்பி

19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரித் தொழிலாளர்கள் அணிந்தவை கம்பளி, பருத்தி அல்லது கித்தான் துணியால் ஆன சாதாரணத் தொப்பிகள். கூந்தலில் கரித்தூள் படியாமலும், கூரையிலிருந்து சொட்டும் நீர் தலையில் இறங்காமலும் இருக்க அவை உதவின. படுத்தும் தவழ்ந்தும் வேலை செய்வோருக்குத் தலையோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய தொப்பி வசதியாகவும் இருந்தது. விழும் கல்லுக்கு அது எவ்வகையிலும் தடையாகவில்லை.

கெட்டித் தொப்பி என்னும் எண்ணம் அக்காலத்தில் அறவே இல்லை என்று கூற முடியாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெள்ளீயமும் செம்பும் எடுத்த தொழிலாளர்கள், பிசின் ஏற்றிக் கெட்டியாக்கிய கம்பளித் தொப்பியை அணிந்தனர். அதன் முன்புறத்தில் ஒரு பிடி களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்வர். அத்தொப்பி விளக்குத் தண்டாகவும் ஓரளவு கவசமாகவும் பயன்பட்டது. உலோகச் சுரங்கத்தில் நிலவிய இவ்வழக்கம் நிலக்கரிச் சுரங்கங்களில் வேரூன்றவில்லை.

எண்ணெய்த் திரி விளக்கு

1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 92 பேர் இறந்தனர். அதன் விளைவாகப் பாதுகாப்பான விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1815-இல் ஹம்ப்ரி டேவி தம் காப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை அமைந்த இவ்விளக்கில், வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே உள்ள தீ வெளியே பரவாது. எனினும் இது கையில் தூக்கிச் செல்ல வேண்டிய விளக்கு. இதன் ஒளியும் மங்கல். வெட்டுபவனுக்கு இரண்டு கைகளும் வேண்டும், கண்ணுக்கு நேரே வெளிச்சமும் வேண்டும். ஆகவே வாயு குறைவு என்று கருதப்பட்ட சுரங்கங்களில் திறந்த சுடரே தொடர்ந்தது.

அத்தேவைக்காக 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்தில் தோன்றியது தொப்பியில் மாட்டும் எண்ணெய்த் திரி விளக்கு. தகரத்தாலோ பித்தளையாலோ செய்யப்பட்ட இது, நம் வீடுகளில் இருந்த மூக்குக் கெண்டியின் சிறு வடிவம் போன்றது. உள்ளங்கையில் அடங்கும் அளவே இருக்கும். மூக்கு வழியாகப் பருத்தித் திரி வெளியே நீண்டிருக்கும். பின்புறம் ஒரு கொக்கி. விலங்குக் கொழுப்பு எண்ணெய் போன்றவை எரிபொருளாயின. அமெரிக்காவுக்குக் குடியேறிய சுரங்கத் தொழிலாளர்களிடையே இது மிக விரைவில் பரவியது.

துணித் தொப்பியின் வடிவத்தை மாற்றியது இவ்விளக்கே. கொக்கியைத் தாங்க, தொப்பியின் முன்புறத்தில் தடித்த தோல் துண்டு ஒன்றைத் தைத்து, அதன்மேல் உலோகத் தகட்டை இணைத்தனர். தொப்பியில் கெட்டியாக இருந்த பகுதி இது ஒன்றுதான். அதுவும் விளக்கின் சூட்டிலிருந்தும் சிந்தும் எண்ணெயிலிருந்தும் நெற்றியைக் காப்பதற்காகவே. விளக்கின் புகையும் கரியும் அணிந்தவரின் முகத்திலும் மூச்சிலும் கலந்தன.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1908 முதல் சில ஆண்டுகள் மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா சுரங்கங்களில் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். அப்படங்களில் காற்றுக் கதவுகளைத் திறந்து மூடும் சிறுவர்களும், கரி வண்டிகளை இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டும் சிறுவர்களும் இதே துணித் தொப்பியுடனும் கெண்டி விளக்குடனும் நிற்பதைக் காணலாம். அக்காலத் தலையணி எத்தகையது என்பதற்கு அப்படங்கள் நேரடிச் சான்று.

கார்பைடு விளக்கு

1892-இல் தாமஸ் வில்சன் கால்சியம் கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார். மாங்காயைச் செயற்கையாகப் பழுக்கவைக்கச் சிலர் பயன்படுத்தும் கார்பைடு கல் இதுவே. நீர் பட்டதும் இக்கல்லிலிருந்து அசிட்டிலீன் வாயு வெளிப்படும். அவ்வாயு வெண்மையான பளிச்சென்ற சுடருடன் எரியும்.

1900-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரடெரிக் பால்ட்வின் இம்முறையில் இயங்கும் சிறு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். விரைவில் இவ்வகை விளக்கு சுரங்கத் தொப்பியின் அதே தோல் துண்டில் இடம்பிடித்தது. இதில் மேல் அறையில் நீர், கீழ் அறையில் கார்பைடு. ஒரு சிறு திருகைத் திருப்பினால் நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். உண்டாகும் வாயு ஒரு நுண்துளை வழியே வந்து, வட்டமான பளபளப்புத் தட்டின் நடுவே எரியும். தட்டு ஒளியை முன்னோக்கித் திருப்பும். எண்ணெய் விளக்கைவிட ஒளி பல மடங்கு கூடியது. புகை வெகுவாகக் குறைந்தது.

நல்ல ஒளி கிடைத்ததால் கூரையின் விரிசலைத் தொழிலாளி முன்கூட்டியே காண முடிந்தது. அவ்வகையில் கார்பைடு விளக்கு தலையைக் காக்கவும் உதவியது எனலாம். ஆனால் அதுவும் திறந்த சுடரே. வாயு நிறைந்த சுரங்கத்தில் எண்ணெய் விளக்கு எவ்வளவு ஆபத்தோ, கார்பைடு விளக்கும் அவ்வளவு ஆபத்து.

திறந்த சுடரும் வெடிவிபத்துகளும்

1907 டிசம்பர் அமெரிக்க நிலக்கரித் தொழிலின் மிகக் கொடிய மாதமாகக் கருதப்படுகிறது. டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மோனாங்காவில் நேர்ந்த வெடிவிபத்தில் 362 பேர் இறந்ததாக அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்பட்டது. பதின்மூன்று நாட்கள் கழித்து, டிசம்பர் 19 அன்று பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் 239 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர். வாயு இருப்பதாக முந்தைய நாளே தடை செய்யப்பட்டிருந்த பகுதிக்குள் தொழிலாளர்கள் திறந்த விளக்குகளுடன் சென்றதே டார் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. வெளிச்சத்துக்காக ஏந்திச் சென்ற விளக்கே உயிரைப் பறித்தது.

இவ்விபத்துகள் நாட்டை உலுக்கின. 1910-இல் அமெரிக்க அரசு சுரங்கப் பணியகம் என்ற அமைப்பை நிறுவியது. வெடிப்புகளைத் தடுக்கும் வழிகளை ஆராய்வது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 1907-ஆம் ஆண்டு முழுவதும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தோர் 3,242 பேர். மோனாங்கா, டார் இரண்டிலும் இறந்தவர்களைக் கூட்டினாலும் 601 தான் வருகிறது. இது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அக்காலகட்டத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்த சாவுகளில் ஏறத்தாழப் பாதி, கூரையும் கரியும் சரிந்து விழுந்ததால் ஏற்பட்டவை. அவை ஒருவர் இருவராக, நாள்தோறும், வெவ்வேறு சுரங்கங்களில் நேர்ந்தவை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தால் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாகும், சட்டமன்றம் கூடும். ஒரு கல் விழுந்து ஒருவர் இறந்தால் அது அந்தக் குடும்பத்தின் துயரமாகவே முடிந்துவிடும். விளக்கைத் திருத்தும் முயற்சி முதலிலும் தொப்பியைத் திருத்தும் முயற்சி பின்னரும் வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்விளக்கு

சுரங்கப் பணியகத்தில் பொறியாளர்களாக இருந்த ஜான் ரயன், ஜார்ஜ் டைக் ஆகிய இருவரும் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் சுரங்கத்தில் 1912-இல் நேர்ந்த வெடிவிபத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். 1914-இல் அவர்கள் பிட்ஸ்பர்க் நகரில் 'மைன் சேஃப்டி அப்ளையன்சஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தாமஸ் ஆல்வா எடிசனை அணுகினர். எடிசன் உருவாக்கித் தந்த விளக்கில் மின்கலம் இடுப்பு வாரில் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி முதுகு வழியாகத் தொப்பிக்குச் சென்று, முன்புறம் இருந்த சிறு குமிழ் விளக்கை எரித்தது. வேலை முடிந்ததும் மின்கலத்தை விளக்கு அறையில் ஒப்படைத்து மறுபடி மின்னேற்றலாம். குமிழின் கண்ணாடி உடைந்தால் உடனே மின்தொடர்பு அறுந்துவிடும் வகையில் அது அமைக்கப்பட்டது. 1915-இல் சுரங்கப் பணியகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

தலையில் சுமந்த தீ இவ்வாறு மெல்ல மெல்ல அணையத் தொடங்கியது. மங்கல் ஒளியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ததால் தொழிலாளர்களுக்கு வந்த கண் நடுக்க நோயும், ஒளி கூடியதால் குறைய வழி ஏற்பட்டது. எனினும் மின்விளக்கு வாயு இருப்பதைக் காட்டிக்கொடுக்காது. காப்பு விளக்கின் சுடரைச் சுற்றித் தெரியும் நீல நிறத்தைக் கொண்டே மீத்தேனை அறிந்தனர். அதனால் வாயுச் சோதனைக்காக டேவி வகை விளக்குகள் தொடர்ந்து பயன்பட்டன.

இந்த நவீன மின்விளக்கும் பொருத்தப்பட்டது அதே பழைய துணித் தொப்பியில்தான்.

கெட்டித் தொப்பியின் வருகை

தலையைக் காக்கும் எண்ணத்துக்கு வழிகாட்டியது முதல் உலகப் போர். பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கு மேலிருந்து விழும் வெடிகுண்டுச் சிதறல்களால் தலைக்காயங்கள் மிகுந்தன. 1915-இல் பிரான்சும் பிரித்தானியாவும் எஃகுத் தலைக்கவசங்களை அறிமுகப்படுத்தின. பின்னர் போரில் இறங்கிய அமெரிக்காவும் அதைப் பின்பற்றியது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1898 முதல் சுரங்கக் கருவிகளை விற்றுவந்த புல்லார்டு நிறுவனத்தின் உரிமையாளரின் மகன் எட்வர்டு புல்லார்டு, போர் முடிந்து திரும்பியபோது தம்முடைய எஃகுக் கவசத்தையும் கொண்டுவந்தார். வீரனுக்குப் பயன்பட்டது சுரங்கத் தொழிலாளிக்கும் பயன்படும் என்று அவர் கருதினார். ஆனால் எஃகு கனமானது. எனவே அவர் கித்தான் துணியை நீராவியில் வேகவைத்து, பசையிட்டு அடுக்கி, அச்சில் அழுத்திக் கெட்டியாக்கினார். அதற்குத் தோல் விளிம்பு வைத்துக் கறுப்பு வண்ணம் பூசினார். நீராவியில் வெந்ததால் அதற்கு 'நன்கு அவித்த தொப்பி' என்று பொருள்படும் 'ஹார்டு பாயில்டு ஹாட்' என்ற பெயர் வழங்கியது. 1919-இல் இது காப்புரிமை பெற்றது.

இதன் பயன் ஓட்டின் கெட்டித்தன்மையில் மட்டும் இல்லை. ஓடு தலையை நேரடியாகத் தொடாதபடி உள்ளே பட்டைகளை அமைக்கும் முறை விரைவில் சேர்ந்தது. பட்டைகள் மண்டையைச் சுற்றித் தொட்டில்போல் தாங்கும். ஓட்டுக்கும் தலைக்கும் இடையே சிறிது வெற்றிடம் இருக்கும். கல் விழும்போது அதன் விசை ஒரே புள்ளியில் இறங்காமல் பட்டைகள் வழியே தலையைச் சுற்றிப் பகிரப்படும். இன்றைய தலைக்கவசங்களும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

1933-இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலப் பணியில் தொழிலாளர்கள் அனைவரும் கெட்டித் தொப்பி அணிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இது பொதுமக்களிடையே கெட்டித் தொப்பியை அறிமுகப்படுத்தியது.

பொருள் மாற்றங்கள்

அவித்த கித்தான் ஈரத்தில் காலப்போக்கில் தளர்ந்துவிடும். 1930-இல் மைன் சேஃப்டி அப்ளையன்சஸ் நிறுவனம் பேக்லைட்டால் ஆன 'ஸ்கல்கார்டு' என்ற கவசத்தை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டிகளிலும் மின்சார சுவிட்சுகளிலும் காணப்படும் அதே பொருள்தான் பேக்லைட். வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தில் ஊறாது என்பவை இதன் சிறப்புகள்.

மின்கடத்தாமை இங்கு முக்கியமானது. அக்கால அமெரிக்கச் சுரங்கங்களில் கரி வண்டிகளை இழுக்கும் மின் இழுவை எந்திரங்களுக்கு மேலே உறையில்லாத மின்கம்பிகள் ஓடின. தாழ்வான பாதையில் அக்கம்பி தலையில் பட்டுப் பலர் இறந்தனர். 1938-இல் வந்த அலுமினியக் கவசம் எடை குறைந்ததாயினும், மின்சாரத்தைக் கடத்துவதால் இத்தகைய இடங்களுக்கு ஒவ்வாததாயிற்று. 1940-களில் கண்ணாடியிழையும், 1950-களில் பிளாஸ்டிக்கும் பயன்பாட்டுக்கு வந்தன.

பிரித்தானியாவில்

பிரித்தானியச் சுரங்கங்கள் பலவற்றில் வாயு மிகுதி. அதனால் அங்கே கையில் தூக்கும் காப்பு விளக்குகளே நெடுங்காலம் பயன்பட்டன. தொழிலாளர்கள் தெருவில் அணியும் தட்டையான துணித் தொப்பியையே சுரங்கத்துக்குள்ளும் அணிந்தனர். 1930-களில் நிலை மாறத் தொடங்கியது.

1936-இல் வடக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களுக்குள் சென்று பார்த்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1937-இல் வெளியான 'தி ரோடு டு விகன் பியர்' என்ற நூலில் இம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளார். அண்மைச் சில ஆண்டுகளில்தான் ஏறக்குறைய எல்லாத் தொழிலாளரும் தலைக்கவசம் அணியத் தொடங்கினர் என்றும், அது நெட்டி போன்ற மிக இலேசான பொருளால் ஆனது என்றும், பலத்த அடியையும் உணராதபடி தாங்குகிறது என்றும் அவர் எழுதுகிறார். ஆள் உயரத்துக்கு ஏற்ற பாதைகள் அல்ல அவை. உயரமான அவருக்கு அக்கவசத்தின் அருமை நன்றாகவே விளங்கியிருக்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் நிலக்கரி எடுப்பது 1774-இல் வங்காளத்தின் ராணிகஞ்சில் தொடங்கியது. ராணிகஞ்ச், ஜரியா சுரங்கங்களில் வேலை பெரும்பாலும் குடும்பமாக நடந்தது. ஆண் கரியை வெட்டினான். பெண் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தாள். அங்கே தலையில் இருந்தது தலைப்பாகைத் துணி அல்லது சும்மாடு. மேலைநாட்டில் தலை விளக்கைச் சுமந்தது என்றால், இங்கே கரியையே சுமந்தது. 1929-இல் வந்த விதிகள் பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து படிப்படியாக விலக்கின. இரண்டாம் உலகப் போரின்போது தளர்த்தப்பட்ட தடை 1946-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் 1952-இல் புதிய சுரங்கச் சட்டமும் 1957-இல் நிலக்கரிச் சுரங்க விதிகளும் வந்தன. அவ்விதிகளின் கீழ், சுரங்கத்துக்குள் இறங்குவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று.

தலைக்கவசத்தின் எல்லை

டன் கணக்கில் பெயர்ந்து விழும் கூரைப் பாளத்தை எந்தத் தலைக்கவசமும் தடுக்க இயலாது. அதற்கு முட்டுக்கட்டைகளும், பிற்காலத்தில் பாறையில் துளையிட்டு இறுக்கும் இரும்பு மரையாணிகளுமே தீர்வாயின. தலைக்கவசம் காப்பது சிறு கல் உதிர்வு, உத்திர மோதல், தவறி விழும் கருவி ஆகியவற்றிலிருந்து. ஆனால் சுரங்கத்தில் அன்றாடம் நேர்பவை இவையே. மண்டை பிளந்து வேலையிழக்க வேண்டிய ஓர் அடி, ஒரு கணத் தடுமாற்றத்துடன் போய்விடுமானால், அத்தொழிலாளியின் வீட்டுக்கு அது பெரிய வேறுபாடு.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது கால இடைவெளி. துணி, பசை, தோல், நீராவி ஆகிய நான்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. கார்ன்வாலில் கெட்டித் தொப்பியும் இருந்தது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமலேயே நிலக்கரித் தொழிலாளிக்கு ஒரு கவசத்தைச் செய்திருக்கலாம். வெளிச்சம் இல்லாமல் கரி வெட்ட முடியாது. ஆகவே விளக்கு உடனே வந்தது. கவசம் இல்லாமலும் கரி வெட்டலாம். ஆகவே அது காத்திருந்தது.

காலவரிசை

1815: ஹம்ப்ரி டேவியின் காப்பு விளக்கு
19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி: ஸ்காட்லாந்தில் தொப்பியில் மாட்டும் எண்ணெய்த் திரி விளக்கு
1900: பால்ட்வினின் கார்பைடு விளக்குக் காப்புரிமை
1907: மோனாங்கா, டார் வெடிவிபத்துகள்
1910: அமெரிக்கச் சுரங்கப் பணியகம் நிறுவப்படல்
1915: எடிசன் மின்விளக்குக்கு ஒப்புதல்
1919: புல்லார்டின் அவித்த கித்தான் தொப்பி
1930: பேக்லைட் தலைக்கவசம்
1938: அலுமினியத் தலைக்கவசம்
1957: இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள்